அடுத்த வீட்டு மந்திரம்: கண்டி மலைநாட்டில் நோயும் நம்பிக்கையும்

இது நீண்ட பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். நாம் இதை எழுதுவது எமது மாணவன் ஒருவன் கேட்ட கேள்விக்குப் பதிலாக.

அந்த மாணவன் ஒன்பது நாட்கள் பாடசாலைக்கு வரவில்லை. விசாரித்தபோது காய்ச்சல் என்றார்கள். முதல் மூன்று நாளும் பெனடோலும் கொத்தமல்லித் தண்ணியும். நான்காம் நாள் யாரோ சொன்னதைக் கேட்டு, வேறோர் ஊரில் "பார்க்கிற" ஒருவரிடம் பிள்ளையைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, இது வெறும் காய்ச்சல் அல்ல, செய்வினை, வீட்டுக்குக் கிழக்கே இருப்பவர்கள் செய்தது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கிழக்கே இருப்பது ஒரு சிங்களக் குடும்பம். பெருநாளைக்கு வட்டிலப்பம் அந்தப் பக்கம் போகும். சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸும் கெவுமும் இந்தப் பக்கம் வரும். முப்பது வருடமாக வேலிக்கு மேலால் தட்டுகள் கைமாறிய வீடுகள் அவை.

ஐந்தாம் நாள் பிள்ளையால் எழும்பி நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டெங்கு. அல்ஹம்துலில்லாஹ், தப்பிவிட்டான். ஆனால் இரண்டு வீட்டுக்கும் இடையில் இப்போது பேச்சில்லை. திரும்பி வந்த முதல் நாளே அவன் எம்மிடம் கேட்டான்: "சேர், கொடிவினை உண்மையா?"

"மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை ஹஸரத்திடம் கேள். வரலாறு என்ன சொல்கிறது என்று நாம் தேடிச் சொல்கிறோம்" என்றோம். தேடியதில் கிடைத்தவற்றை ஊரோடும் பகிர்கிறோம்.

*

எமது பகுதியைப் பற்றி எழுதிய பழைய சாட்சிகளில் ஒருவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்துக்குள் சிறை இருந்த ஆங்கிலேய மாலுமி. 1679இல் தப்பிப் போனார். 1681இல் அவருடைய புத்தகம் லண்டனில் வெளியானது. சிறைக் கூடத்தில் அல்ல, கிராமங்களில் மக்களோடு மக்களாக வாழ்ந்தவர். கடைசிக் காலத்தில் உடுநுவரப் பக்கத்து எலதெத்தவில் வீடும் நிலமும் வைத்திருந்தார். இன்றைக்கு நாம் பஸ்ஸில் போய் வருகிற ஊர்தான்.

கண்டி நாட்டில் வைத்தியம் என்பது தனியாக ஒருவருடைய தொழில் அல்ல, ஏறக்குறைய எல்லோருக்கும் இலை, பட்டை, வேர் தெரியும் என்று நொக்ஸ் எழுதுகிறார். அதே புத்தகத்தில் மந்திரமும் வருகிறது. ஆற்றில் இறங்குமுன் முதலைக்கு மந்திரம். பாம்புக்கு மந்திரம். களவு போனால் ஒரு தேங்காய்க்கு மந்திரம் ஓதி, அதில் தடியைச் செருகிக் கையில் பிடித்தால், தேங்காய் கள்ளன் போன தடத்தைப் பின்தொடர்ந்து இழுத்துச் செல்லுமாம்.

சிரிப்பு வரலாம். ஆனால் இலையும் மந்திரமும் அந்த மக்களுக்கு இரண்டு உலகங்களாக இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உடம்புக்கு இலை, பயத்துக்கு மந்திரம். ஒரே வீட்டில், ஒரே இரவில் இரண்டும் நடந்தன.

*

அடுத்து, நாம் எல்லோரும் பார்த்த ஒன்று. எசல பெரஹராவில் வெள்ளித் தலையணியோடு ஆடி வருகிற வெஸ் நடனக்காரர்கள். வெளிநாட்டார் அதைக் கலை என்று படம் பிடிக்கிறார்கள். அதன் வேர் கொஹொம்ப கங்காரிய என்ற பெரிய சடங்கில் இருக்கிறது. நோயும் தோஷமும் நீங்க மலைநாட்டில் இரவிரவாக ஆடப்பட்ட சடங்கு அது. இன்று பாடசாலை மேடைகளில் ஆடும் கண்டிய நடனம் அதிலிருந்து வளர்ந்தது.

அந்தச் சடங்கின் கதை இப்படிப் போகிறது. விஜயன் குவேனியைக் கைவிட்டான். அவளுடைய சாபம் அவனுக்குப் பின் வந்த பண்டுவாசுதேவ மன்னனை நோயாகப் பிடித்தது. உள்ளூரில் யாராலும் தீர்க்க முடியவில்லை. கடைசியில் கடலுக்கு அப்பால் மலய தேசத்து அரசனை வரவழைத்து, அவன் வந்து சடங்கு செய்த பிறகுதான் மன்னன் குணமானான்.

இது ஐதீகம். வரலாற்றுச் சான்றாக நாம் இதைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சமூகம் தன் முதல் பெரிய வைத்தியனை எப்படி நினைத்துப் பார்க்கிறது என்பது முக்கியம். அவன் சொந்த ஊர்க்காரன் அல்ல. வெளியிலிருந்து வந்தவன்.

*

ஐதீகத்திலிருந்து வரலாற்றுக்கு வருவோம். கண்டி அரண்மனையில் "பெஹெத்கே" என்ற மருந்துப் பிரிவு இருந்தது. பெஹெத் என்றால் மருந்து, கே என்றால் வீடு. அரசனுக்கு உரிய மருந்துகளைச் சேகரிப்பதும் தயாரிப்பதும் அதன் வேலை. அந்தப் பிரிவில் பரம்பரையாகப் பணியாற்றியவர்களில் எமது முன்னோர்களும் இருந்தார்கள். இன்றைய கேகாலை மாவட்டத்தின் கெட்டபேரியவைச் சேர்ந்த கோபால வைத்தியக் குடும்பம் அவர்களில் பெயர் பெற்றது. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், அவர்கள் முஸ்லிம்கள். பேராசிரியை லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட, இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கண்டிய முஸ்லிம்களின் பழைய "கெதர" பெயர்களில் முஹந்திரம் போன்ற பதவிப் பெயர்கள் ஒட்டிக்கொண்டிருப்பதும் இந்த அரச சேவையின் தடயம்தான்.

1760இல் நடந்ததை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்போது மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். அவனும் தென்னிந்திய நாயக்கர் வழி வந்தவன்தான். அரண்மனைப் பிரதானிகள் சிலர் அவனைக் கொன்றுவிட்டு, சியாமிலிருந்து வந்த ஓர் இளவரசனை அரியணையில் ஏற்றச் சதி செய்தார்கள். அந்தச் சதியை மன்னனுக்கு அறிவித்தவர் கோபால முதலியார். மன்னன் உயிர் தப்பினான். முதலியாருக்கு நிலம் மானியமாகக் கிடைத்தது.

மருந்து கொடுப்பவன் நினைத்தால் அதே கையால் நஞ்சும் கொடுக்கலாம். அரசனுக்கு அது தெரியாததல்ல. தெரிந்தும், தன் இனத்தவரோ மதத்தவரோ அல்லாத ஒருவருடைய கையிலிருந்து மருந்தை வாங்கிக் குடித்தான். இந்த மலைநாட்டில் எமக்குக் கிடைத்த இடம் வியாபாரத்தாலும் தவளத்தாலும் மட்டும் வந்ததல்ல. இந்த நம்பிக்கையாலும் வந்தது.

*

அரண்மனையை விட்டு ஊருக்குள் வருவோம். எமது மூத்தும்மா காலத்தில் நடந்தவற்றை எங்களில் பலர் கேட்டு வளர்ந்தோம், சிலர் கண்ணாலும் கண்டோம். பிள்ளை அழுகையை நிறுத்தாவிட்டால் கண்ணூறு என்று உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். பயந்த பிள்ளைக்கு லெப்பை தண்ணி ஓதிக் கொடுப்பார், நூல் ஓதிக் கட்டுவார். அதற்கு வந்தவர்கள் முஸ்லிம்கள் மட்டுமா? சிங்களத் தாய்மாரும், தோட்டத்திலிருந்து தமிழ்த் தாய்மாரும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் படியடியில் நின்றார்கள். முறிவு தெறிவுக்கும் பாம்புக் கடிக்கும் நாங்கள் சிங்கள வெதமாத்தயாவிடம் போனோம். அம்மை போட்டால் தோட்டத்து லயத்திலிருந்து வேப்பிலை வந்தது.

இதற்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அடுத்தவருடைய மந்திரம்தான் பலமானது. சிங்களவர்கள் மிகவும் அஞ்சியது "மலையாள குருகம்" என்கிற மலையாள மந்திரத்துக்கு. தோட்டத்தில் தங்கள் கோடாங்கியால் ஆகாததற்கு சிங்களக் கட்டாடியைத் தேடினார்கள். எங்களவர்களும் வீட்டுக்குள் குர்ஆனை வைத்துக்கொண்டு, இருட்டியதும் வேலி தாண்டி தேசிக்காய் வெட்டப் போனார்கள். இதை மறைத்துப் பயனில்லை.

இஸ்மு, தாயத்து பற்றி எமது உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை இங்கே திறக்கவில்லை. ஒரு ஸஹீஹான ஹதீஸை மட்டும் ஞாபகப்படுத்துகிறோம். பயணத்திலிருந்த ஸஹாபாக்களுக்கு ஒரு கோத்திரம் விருந்து கொடுக்க மறுத்தது. பிறகு அதே கோத்திரத்தின் தலைவரை விஷ ஜந்து தீண்டியது. அவர்களே வந்து உதவி கேட்டார்கள். ஸஹாபிகளில் ஒருவர் சூரா ஃபாத்திஹாவை ஓதினார், தலைவர் எழுந்து நடந்தார். புகாரியில் உள்ள சம்பவம். ஓதிப் பார்த்ததை எல்லோரும் சொல்கிறோம். ஓதப்பட்டவர் யார் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். சோறு கொடுக்க மறுத்த வேற்றுக் கோத்திரத்தார் அவர்.

எமது ஊரின் பழைய லெப்பை ஒருவரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வது: பிள்ளையைக் கொண்டு போனால் முதல் கேள்வி, "டிஸ்பென்சரிக்குக் காட்டினீங்களா?" காட்டவில்லை என்றால் ஓத மாட்டார். காசு கேட்க மாட்டார். "யார் செஞ்ச வேல இது?" என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: "மனுசன்ட பேர சொல்லுற வேல எனக்கில்ல, மகள்."

*

அப்படியென்றால் மந்திரத்தால் குணமானது பொய்யா? இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போன புதிதில், 1816 முதல் 1820 வரை ஜோன் டேவி என்ற இராணுவ வைத்தியர் இங்கே இருந்தார். 1821இல் புத்தகம் எழுதினார். மக்கள் பயந்த பாம்புகளை அவர் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பரிசோதித்தார். பார்த்த இருபது வகைகளில் நான்குக்குத்தான் விஷம். அந்த நான்கிலும் மனிதனைக் கொல்லக்கூடியவை இரண்டுதான், நாகமும் கண்ணாடி விரியனும். அப்படியானால் கடிபட்டு வந்தவர்களில் பலர் என்ன செய்தாலும் பிழைத்திருப்பார்கள். ஓதியவருக்குப் பெயர் கிடைத்தது. நாகம் தீண்டியவருக்கு, பாவம், விதி முடிந்தது என்றார்கள்.

பாம்புக் கல் கதை இன்னும் சுவையானது. கடிவாயில் ஒட்ட வைத்தால் விஷத்தை உறிஞ்சும் என்று நம்பப்பட்ட கறுப்புக் கல். 1854இல் பிந்தென்னைக் காட்டுப் பாதையில் நாகம் தீண்டிய ஒரு தமிழருக்கு அவருடைய தோழர் அதை ஒட்டியதை அதிகாரிகள் கண்டார்கள். எமர்சன் டெனன்ட் தன் இலங்கை நூலில் இதைப் பதிவு செய்து, "பாம்புக் கல்" என்ற தமிழ்ப் பெயரையும் எழுதியிருக்கிறார். அவர் ஒரு கல்லை, மின்சாரப் பாடத்தில் பிள்ளைகள் படிக்கிற அதே மைக்கல் பரடேயிடம் கொடுத்தார். பரடே ஆராய்ந்து சொன்னார்: இது கல் அல்ல, கருக்கிய எலும்பு.

டேவியும் பரடேயும் யாரையும் ஏளனம் செய்யவில்லை. கையில் எடுத்தார்கள், பார்த்தார்கள், கண்டதைச் சொன்னார்கள். எமது பிள்ளைகள் பழக வேண்டிய முறை அதுதான்.

*

இது எங்கள் தீவின் விசித்திரம் மட்டுமா? இல்லை. இன்று கல்வியில் உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்கிற பின்லாந்தைப் பாருங்கள்.

எலியாஸ் லொன்ரொத் என்பவர் அந்நாட்டு வைத்தியர். 1832இல் வைத்தியப் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வே பின்லாந்து மக்களின் மந்திர வைத்தியம் பற்றியது. அடுத்த வருடம் கஜானி என்ற சிறிய வடக்கு ஊரில் அரச வைத்தியராகப் போனார். பஞ்சமும் காய்ச்சலும் நிறைந்த இடம். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே, கிராமம் கிராமமாக நடந்து, கிழவர்கள் பாடிய பாடல்களையும் மந்திரங்களையும் எழுதினார். அவற்றிலிருந்து 1835இல் வந்ததுதான் கலேவலா என்ற காவியம். 1880இல் மந்திரப் பாடல்களைத் தனித் தொகுப்பாகவும் வெளியிட்டார்.

அங்கே மந்திரக்காரருக்குப் பெயர் "தியெத்தாயா". அறிந்தவர் என்று பொருள். எதை அறிந்தவர்? நோயின் பிறப்பை. கோடரி வெட்டினால், இரும்பு எப்படிப் பிறந்தது என்ற கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். பிறப்பைச் சொல்லிவிட்டால் இரும்பு அடங்கும், இரத்தம் நிற்கும் என்பது நம்பிக்கை. எமது சிங்கள அயலவர்களின் சடங்கில் "உபத" என்று ஒரு பகுதி உண்டு. உபத என்றால் பிறப்பு. யக்ஷனின் பிறப்பைப் பாடி அவனை அடக்குவார்கள். தேசிக்காய் வெட்டும்போது தேசியின் பிறப்பைப் பாடுவார்கள். பனி நாட்டுக்கும் எமது மலைநாட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனாலும் மனிதன் ஒரே மாதிரி யோசித்திருக்கிறான். அவர்கள் நீராவிக் குளியலறையான சவுனாவில் கொம்பு வைத்து இரத்தம் எடுத்தார்கள். நாங்கள் அதை ஹிஜாமா என்கிறோம்.

இன்னொரு ஒற்றுமை. அதற்காகத்தான் பின்லாந்தை இழுத்தோம். அயல் நாட்டார் பின்லாந்துக்காரர்களைப் பெரும் மந்திரவாதிகள் என்று அஞ்சினார்கள். அவர்கள் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் காற்றை விற்பதாக 1555இலேயே சுவீடன் நாட்டுப் பாதிரியார் ஒருவர் எழுதினார். கப்பலில் ஒரு பின்லாந்து மாலுமி இருந்தால், புயல் வந்தாலும் காற்று நின்றாலும் அவன் மேல் பழி. வித்தை தெரிந்தவன் என்று தேடி வந்தவர்களே, கெட்டது நடந்ததும் அவனைத்தான் சுட்டிக் காட்டினார்கள்.

அடுத்த வீட்டு மந்திரம் பலமானது என்ற நம்பிக்கைக்கு இரண்டு முகங்கள். நல்ல காலத்தில் அது கதவைத் திறக்கும். கெட்ட காலத்தில் அதுவே சந்தேகமாக மாறும்.

*

இனிச் சொல்லப் போவது பழைய கதை அல்ல.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் சிங்களவர்களின் உணவில் "வந்த பெத்தி" என்கிற மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அந்த "மாத்திரை" வெறும் மாக் கட்டி என்று தெரிய வந்தது. அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை. ஆனால் அந்த முடிவு வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. மார்ச் முதல் வாரத்தில் திகன, தெல்தெனிய, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று எமது மாவட்டமே எரிந்தது. அதன் உடனடிக் காரணம் வேறு, ஒரு சாரதியின் மரணம். ஆனால் வதந்தி ஏற்கெனவே நெஞ்சுகளைக் காய வைத்திருந்தது.

2019இல் குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் மீது, சத்திர சிகிச்சையின்போது சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்ற குற்றச்சாட்டு. கைது செய்தார்கள். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. பிற்பாடு அவர் மீண்டும் சேவையில் சேர்க்கப்பட்டார். மன்னனுக்கு மருந்து கொடுத்த கோபால முதலியாரின் கெட்டபேரியவிலிருந்து குருநாகல் வெகு தூரமில்லை.

வந்த பெத்தியும் கொடிவினையும் ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத பொருள், இரகசியமாகக் கொடுக்கப்பட்டது, கொடுத்தவன் அடுத்த வீட்டுக்காரன். தேங்காய்க்குப் பதில் இப்போது போன் தடம் பிடித்து இழுத்துப் போகிறது.

அவர்களை மட்டும் சொல்லவில்லை. 2020 டிசம்பரில் கொவிட்டுக்கு மருந்தென்று கேகாலையில் ஒருவர் கொடுத்த பாணிக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் வரிசையில் நின்றார்கள். அதை அருந்திக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று வந்தது. பயம் வந்தால் எல்லாச் சமூகமும் ஒரே வரிசையில்தான் நிற்கிறது.

இப்போது எமது மாணவனின் வீட்டை நினைத்துப் பாருங்கள். எமக்கு எதிராகச் சொல்லப்பட்டபோது எம்மை எரித்த அதே கதையை, ஒரு காய்ச்சல் வந்ததும் நாமே எமது அயலவர் மேல் சொல்லிவிட்டோம்.

*

அன்பான ஊரவர்களே, மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று. காய்ச்சலென்றால் முதலில் ஆஸ்பத்திரி. இரத்தம் சோதியுங்கள். ஓதுவது ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் ஓதலாம், துஆவுக்கு இடம் தடையில்லை.

இரண்டு. பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று சொல்லாமல், செய்தது யார் என்று சொல்பவர் எவராக இருந்தாலும், அங்கிருந்து எழுந்து வாருங்கள். தாடியும் தொப்பியும் வைத்திருந்தாலும் சரி. மனிதரின் பெயரைச் சொல்லும் வேலை தனக்கில்லை என்ற அந்தப் பழைய லெப்பையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் அரபுத்தமிழில் எழுதிய மருந்துக் கொப்பிகள், ஏடுகள், மூத்தும்மாவின் கைமருந்துகள் இருக்கலாம். எறிந்துவிடாதீர்கள், எரித்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை. லொன்ரொத்தும் தான் எழுதிய எல்லாவற்றையும் நம்பியிருக்க மாட்டார், ஆனால் எழுதி வைத்தார். போனில் ஒரு படமாவது எடுத்து எமக்கு அனுப்புங்கள். மாணவர்களைக் கொண்டு பிரதி எடுத்து வைப்போம். சிங்கள அயலவர்களிடமும் கேளுங்கள். எமது வாப்பாமார் அவர்களிடம் கற்றதும், அவர்கள் எம்மிடம் கற்றதும் அதில் கலந்திருக்கும்.

மாணவனுக்கு: மகனே, உன் கேள்விக்கு நாம் கண்ட பதில் இது. கொடிவினையால் ஒரு நுளம்பு கூடச் செத்ததை வரலாற்றில் நாம் காணவில்லை. கொடிவினை என்று சொன்ன வாயால் பிரிந்த குடும்பங்களையும் எரிந்த கடைகளையும் கண்டோம்.

கடைசியாக ஒன்று. இவன் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், கிழக்கு வீட்டு அம்மா ஒவ்வொரு பின்னேரமும் சந்திக்கு வந்து, கண்டியிலிருந்து வரும் பஸ்ஸில் இறங்குகிறவர்களிடம் "அந்தப் பிள்ளைக்கு எப்படி?" என்று கேட்டாராம். கடைக்காரர் சொல்லித்தான் எமக்குத் தெரியும். வீட்டுக்காரர்களிடமும் சொல்லிவிட்டோம். தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள், ஒன்றும் பேசவில்லை.

பெருநாளைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. வட்டிலப்பம் வழமை போல வேலி தாண்டிப் போக வேண்டும். துஆச் செய்யுங்கள்.